நத்தார் லீவு, 28 நாள் பூட்டு: தனிய இருக்கிற அப்பம்மாவை எப்படிக் கூப்பிடுறது?

மஞ்சள்வெயில் | 22 டிசம்பர் 2020, இரவு 9:40

கொரோனாவுக்காகக் கனடாவில ஒன்ராறியோ மாகாண அரசு நேற்று பொதுமுடக்கம் அறிவிச்சதை எல்லாரும் பார்த்திருப்பீங்கள். 26ஆம் திகதி அதிகாலை 12:01 முதல் ஒன்ராறியோ முழுக்கப் பூட்டு, தெற்குப் பக்கத்துக்கு 28 நாள். ரொறன்ரோவில் நவம்பர் 23 முதலே வேற வீட்டாரை உள்ளுக்கு எடுக்க ஏலாது எண்டதால பெரிய மாற்றம் ஒண்டும் இல்லை. ஆனா லீவு நாலு சுவருக்குள்ளதான் எண்டு இப்ப முடிவாகீட்டுது.

ஸ்காபரோவில் செமி வீடு (ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோட பொது). மேல நாங்கள் நாலு பேர்: நான், கணவர், 19 வயது மகள் (பல்கலைக்கழக வகுப்பு முழுக்க ஒன்லைனில்), 10 வயது மகன். கணவர் வெயாஹவுசில் வேலை. 24 பின்னேரத்தோட லீவு, ஜனவரி 11 திரும்பப் போகவேணும். பேஸ்மென்றில் வாடகைக்கு இரண்டு பேர், அவையும் வேலைக்குப் போய் வாறவை. ஃபேர்னஸ் (வீட்டைச் சூடாக்கிற மெசின்) ஒண்டுதான், காற்று எல்லாருக்கும் பொது. மாமிக்கு (கணவரின்ர அம்மா, பிள்ளையளுக்கு அப்பம்மா) 81 வயது, முதியோர் அடுக்குமாடியில் தனிய. கிழமைக்கு மூன்று நாள் பராமரிப்பாளர் வந்து போவா.

கேள்விகள்:
மாமி நத்தாருக்கு எங்களோட வந்து சாப்பிடலாமா? தனிய இருக்கிறவை ஒரு வீட்டோட சேரலாம் எண்டு விதியில இருக்கே.
பேஸ்மென்ற் காற்றுக்கு என்ன செய்யிறது?
வழக்கமா 30 பேருக்குச் சமைக்கிற கை. நாலு பேருக்கு றிச் கேக் (நத்தார்ப் பழக் கேக்) அளவு தெரிஞ்சவை சொல்லுங்கோ.
யாழ்ப்பாணம், லண்டன், சிட்னி எல்லாரையும் ஒரே நேரத்தில சூமில் பிடிக்க எது நல்ல நேரம்?

---

வடலி | 22 டிசம்பர், இரவு 10:55

முதற்கேள்விக்கு மட்டும் சொல்லுறன்.

விதி இடம் குடுக்குது, உண்மை. தனிய இருக்கிறவர் இன்னொரு வீட்டோட மட்டும் நெருங்கிப் பழகலாம். அந்த "மட்டும்" எண்ட சொல் இரண்டு பக்கத்துக்கும். உங்கட வீட்டில ஒருவர் வெயாஹவுசுக்குப் போறார், கீழ இரண்டு பேர் வெளியில போய் வருகினம். விதிப்படி சரி எண்டுறது வேற, 81 வயதுக்குப் பாதுகாப்பு எண்டுறது வேற.

கணக்கைப் பாருங்கோ. தொற்றினவருக்குக் குணங்குறி தெரிய 2 முதல் 14 நாள் எடுக்கும், பெரும்பாலும் ஐந்தாம் நாளை ஒட்டி. கணவருக்கு வெளித்தொடர்பு கடைசியா 24ஆம் திகதி. 25ஐ முதல் நாளா எண்ணினால் 14ஆம் நாள் ஜனவரி 7. ஆகவே நத்தார் மேசைக்கு மாமி வாறது சரிவராது. 24ஆம் திகதி சோதனை செய்து நெகட்டிவ் வந்தால் போதும் எண்டு சிலர் சொல்லுவினம். அந்தச் சோதனை அந்த நேரத்தில மூக்குக்குள்ள வைரஸ் இருந்ததா எண்டு மட்டும்தான் காட்டும். முந்தாநாள் தொற்றினவருக்கு நெகட்டிவ் வந்திட்டு, மூன்றாம் நாள் பொசிட்டிவ் ஆகலாம்.

அப்ப எட்டாம் திகதி மாமியைக் கொண்டு வந்தால்? 11ஆம் திகதி கணவர் திரும்ப வேலைக்கு. மூன்று நாளில அத்தனையும் வீண்.

அதால மாத்தி யோசியுங்கோ: அப்பம்மாவை இங்க கொண்டு வாறதை விட, பேத்தியை அங்க அனுப்புங்கோ. வகுப்பு ஒன்லைன் எண்டால் அவவுக்கு எந்த வீட்டில இருந்தாலும் ஒண்டுதான். 25 முதல் வீட்டில எல்லாரும் கடை கண்ணி இல்லாமல் இருங்கோ, சாமானை வாசலில் வைக்கச் சொல்லி எடுங்கோ. ஜனவரி 7 முடிய ஒருவருக்கும் தடிமன், இருமல், மணம் போறது ஒண்டும் இல்லை எண்டால் 8ஆம் திகதி மகள் பெட்டியோட அங்க போகட்டும். போனால் போனதுதான். பூட்டு முடியுமட்டும் அவவின்ர வீடு அதுதான், இடையில உடுப்பு எடுக்க இங்க வந்து ஒரு நேரம் சாப்பிட்டுப் போறது கிடையாது. 11ஆம் திகதி கணவர் வேலைக்குப் போனாலும் அது மாமியைத் தொடாது.

இந்தத் திட்டம் பிழைக்கிற இடங்கள்:

கட்டட அலுவலகம். முதியோர் அடுக்குமாடிகளில் இரவு தங்கிற விருந்தாளிக்குத் தனி விதி இருக்கும். நாளைக்கே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எடுங்கோ. 24க்குப் பிறகு அங்க தொலைபேசி எடுக்க ஆள் இருக்காது.

பராமரிப்பாளர். அவவை நிற்பாட்ட வேண்டாம், குளிப்பாட்டலும் மருந்தும் நிண்டால் அது வேற ஆபத்து. அவ நிற்கிற நேரம் மாமியும் மாஸ்க், மகளும் மாஸ்க், ஏலுமெண்டால் மகள் மற்ற அறையில். அவ போனதும் ஜன்னலைத் திறந்து பத்து நிமிடம்.

பேஸ்மென்ற். கீழ உள்ளவை வேலைக்குப் போறதால உங்கட 14 நாளில ஒரு ஓட்டை இருக்கு. உடுப்புத் தோய்க்கிற மெசின் பொது எண்டால் நாள் பிரியுங்கோ. கீழ ஒருவருக்கு ஏதும் எண்டால் எண்ணிக்கை திரும்ப ஒண்டில இருந்து.

அதுவரைக்கும், 25ஆம் திகதி வாசல் சந்திப்பு. வெளியில, 2 மீற்றர் தள்ளி, 10-15 நிமிடம். பூச்சியத்துக்குக் கீழ வயது போனவைக்கு அதுக்கு மேல வேண்டாம். நடைபாதையில உப்புப் போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம்: மறை 10க்குக் கீழ சாதாரண உப்பு பனிக்கட்டியை உருக்காது, மணல்தான் பிடி குடுக்கும். கராஜ் கதவைத் திறந்து வைச்சு உள்ளுக்க கதிரை போடுறது "வெளியில்" ஆகாது. மூன்று பக்கம் சுவர், காற்று ஒரு பக்கத்தால மட்டும். அதுக்குள்ள காஸ் ஹீற்றரும் வைச்சால் கார்பன் மொனொக்சைட் வேற. பின்வளவில் விறகு மூட்டிக் குளிர்காயிறதுக்கும் ரொறன்ரோ மாநகரசபை அனுமதி இல்லை.

இன்னொண்டு. வயது போனவைக்கு இந்த நோய் காய்ச்சல் இல்லாமலே வரலாம். திடீரெண்டு தடுமாறிக் கதைக்கிறது, விழுறது, சாப்பாடு வெறுக்கிறது. மகளுக்கு இதைச் சொல்லிவிடுங்கோ.

---

காற்றாடி | 23 டிசம்பர், காலை 7:15

பேஸ்மென்ற் காற்று.

ஃபேர்னஸ் செய்வது இதுதான்: எல்லாத் தளத்திலிருந்தும் காற்றை உறிஞ்சி, சூடாக்கி, எல்லாத் தளத்துக்கும் திருப்பி அனுப்புகிறது. வெளிக்காற்றை அது உள்ளே எடுப்பதில்லை. நடுவில் இருக்கிற ஒரே தடை ஃபில்டர்.

முதலில் தேர்மோஸ்டாற்றில் ஃபான் 'ஓட்டோ'வில் இருந்தால் 'ஒன்' பக்கம் மாற்றுங்கள். ஓட்டோவில் சூடு தேவைப்படும்போது மட்டும் காற்று ஓடும், மற்ற நேரம் ஃபில்டர் சும்மா கிடக்கும். மின் செலவு கொஞ்சம் கூடும்.

பிறகு ஃபில்டர். இப்போது உள்ளதை இழுத்து ஓரத்தில் எழுதியிருக்கிற அளவைப் பாருங்கள், 16×25×1 அல்லது 20×25×1 ஆக இருக்கும். கடைசி எண் தடிப்பு. தடிப்பு 4 அங்குலம் என்றால் யோசிக்காமல் மேர்வ் 13 போடுங்கள் (மேர்வ் என்பது ஃபில்டரின் தர எண், எண் கூடக்கூட நுண்ணிய துகளையும் பிடிக்கும்). 1 அங்குலம் என்றால் கவனம். மெல்லிய ஃபில்டரில் மேர்வ் 13 காற்றை இறுக்கிப் பிடிக்கும். பழைய ஃபேர்னசில் காற்று குறைந்தால் உள்ளே சூடு ஏறி, பாதுகாப்புச் சுவிட்ச் நெருப்பை நிறுத்திவிடும். அடையாளம்: மூட்டி சில நிமிடம் எரிந்து அணையும், ஆனால் ஃபான் ஓடிக்கொண்டே இருக்கும், வீடு சூடாகாது. அப்படி நடந்தால் மேர்வ் 11க்கு இறங்குங்கள். நத்தார் இரவில் ஃபேர்னஸ் நின்றால் ஆள் பிடிப்பது கடினம், ஆகவே இந்தப் பரிசோதனையை இன்றைக்கே செய்யுங்கள்.

ஃபில்டர் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும். அது ஃபேர்னசை நோக்க வேண்டும். பலர் திருப்பிப் போடுகிறார்கள். சட்டத்துக்கும் ஃபில்டருக்கும் இடையில் விரல் போகிற வெடிப்பு இருந்தால் மேர்வ் 13 ஆனாலும் பிரயோசனம் இல்லை, காற்று வெடிப்பால்தான் போகும். பசைநாடா ஒட்டுங்கள்.

1 அங்குலத்தில் மேர்வ் 11தான் தாங்குகிறது என்றால் குறையை இருப்பறையில் ஈடு செய்யலாம். 20 அங்குலப் பெட்டி மின்விசிறி ஒன்று, 20×20×1 மேர்வ் 13 ஃபில்டர் நான்கு. நான்கையும் நிமிர்த்திச் சதுரமாக நிறுத்தி மூலைகளைப் பசைநாடாவால் ஒட்டுங்கள், அம்புகள் எல்லாம் உட்பக்கம். அடியில் மட்டை. மேலே விசிறி, மேல்நோக்கி ஊதுகிற மாதிரி. விசிறியின் நான்கு மூலைகளையும் மட்டையால் மூடி நடுவில் இறக்கை அளவு வட்டம் மட்டும் விடுங்கள். மூலைகளைத் திறந்து விட்டால் அங்கே காற்று பின்னோக்கி இறங்கும். ஒரே ஒரு ஃபில்டரை விசிறியின் முதுகில் ஒட்டினாலும் வேலை செய்யும், ஆனால் மோட்டர் சிரமப்படும், காற்றும் குறையும். பழைய விசிறி வேண்டாம். எதுவானாலும் எல்லாரும் நித்திரையாகும்போது நிறுத்திவிடுங்கள்.

ஜன்னல்: நாள் முழுக்க ஒரு விரல் அகலம் திறந்து வைப்பது வீண். சுவர் குளிர்ந்து ஃபேர்னஸ் ஓடிக்கொண்டே இருக்கும், காற்றும் சரியாக மாறாது. எதிரெதிரான இரண்டு ஜன்னலை அகலத் திறந்து 5 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. காற்று மாறிவிடும், சுவரிலும் தளபாடத்திலும் இருக்கிற சூடு போகாது. திறக்க முன் தேர்மோஸ்டாற்றை இரண்டு பாகை இறக்கிவிடுங்கள். குளியலறை ஃபானைப் போட்டு விட்டால் அதுவும் உள்காற்றை வெளியே தள்ளும். சமையலறை ஃபான் புகையை வெளியே அனுப்புகிறதா, வடிகட்டித் திரும்ப முகத்திலேயே விடுகிறதா என்று பாருங்கள். பின்னது என்றால் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஈரப்பதன் 30 முதல் 40 வீதம். ஜன்னல் கண்ணாடியின் அடியில் தண்ணீர் கட்டினால் அளவு கூடிவிட்டது. மறை 15க்கு இறங்கும் நாட்களில் 30க்கு மேல் வேண்டாம், சட்டத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

கேட்காத ஒன்று: வீட்டுப் பக்கச் சுவரில் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது ஃபேர்னசின் மூச்சு. பனி கொட்டினால் முதலில் அதைச் சுற்றித்தான் வழிக்க வேண்டும். அடைபட்டால் ஃபேர்னஸ் நிற்கும். கார்பன் மொனொக்சைட் அலாரம் மேலேயும் கீழேயும் வேலை செய்கிறதா என்று பொத்தானை அமுக்கிப் பாருங்கள். எல்லாரும் நாள் முழுக்க வீட்டில் அடைந்து கிடக்கப்போகிற மாதம் இது.

---

பூசணித்தோசி | 23 டிசம்பர், காலை 11:30

அக்கா, முப்பது பேரின் அளவை நாலால பிரிச்சால் கேக் வராது. தட்டின் அளவும் அவண் நேரமும் மாறும். 7 அங்குலச் சதுரத் தட்டுக்கு:

றவை 125 கிராம், பட்டர் 125, சீனி 150. மஞ்சள் கரு 6, வெள்ளைக் கரு 2. கஜு 125. பிளம்ஸும் (உலர்ந்த முந்திரிகை) சுல்தானாவும் சேர்த்து 250. பூசணித் தோசி (சீனிப்பாகில போட்ட நீற்றுப்பூசணி) 125, பாகில போட்ட சௌசௌ 100, இஞ்சிப்பாகு 60, செரி 60. பிரண்டி 50 மில்லி, ரோசாப் பன்னீர் ஒரு மேசைக்கரண்டி, தேன் ஒரு மேசைக்கரண்டி, வனிலா, ஏலம் கறுவா கராம்புத் தூள் எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி.

இண்டைக்குப் பழங்களை வெட்டி பிரண்டியில ஊறப்போடுங்கோ. தோசி, சௌசௌ, இஞ்சி மூன்றையும் முதல்ல வடியிலே போட்டு பாகை வடிய விடுங்கோ. பாகோட போட்டால் கேக்கின்ர நடு இறங்கும். பிழைக்கிற கேக்கில பாதிக்கு இதுதான் காரணம். கஜுவை மெசினில அடிக்காதேங்கோ, எண்ணெய் விடும். கத்தியால மிளகளவுக்குக் கொத்துங்கோ. பெரிசா விட்டால் வெட்டேக்க கேக் உதிரும்.

நாளைக்குக் காலமை றவையைச் சிறுநெருப்பில நிறம் மாறாமல் வறுத்து, சூட்டோட பட்டரில கலந்து அரை மணித்தியாலம் விடுங்கோ. ஊறாத றவை பல்லில நெறுநெறுக்கும். மஞ்சள் கருவையும் சீனியையும் வெளிறுமட்டும் அடிச்சு, றவையைச் சேர்த்து, பழம், கஜு, வாசனை எல்லாம் போட்டு, கடைசியா அடிச்ச வெள்ளைக் கருவை மெதுவா மடிச்சுச் சேருங்கோ. தட்டுக்குள்ள மூன்று மடிப்புப் பேப்பர், அதுக்கு மேல எண்ணெய்க் கடுதாசி. 275 பாகை பாரன்ஹைட், ஒண்டேமுக்கால் மணித்தியாலத்தில குச்சி குத்திப் பாருங்கோ. மேல் கெதியாச் சிவந்தால் பொயில் பேப்பரை மேல சும்மா வையுங்கோ. குச்சியில ஈரமான மணி ஒட்டும், மா ஒட்டக்கூடாது. சூட்டோட வெட்டவே வேண்டாம், அடுத்த நாள்தான்.

அரைவாசியை எண்ணெய்க் கடுதாசியில சுத்தி, மேல பொயில் சுத்தி மாமியின்ர வாசலில வைக்கலாம். இந்தக் கேக் பொங்கல் வரை தாங்கும்.

வான்கோழி வாங்குற யோசனை எண்டால் விடுங்கோ. உறைஞ்சது கிலோவுக்கு 10 மணித்தியாலம் பிறிஜ்ஜுக்குள்ள இளக வேணும். 5 கிலோ எண்டால் 50 மணித்தியாலம், இப்பவே நேரம் போட்டுது. 2 கிலோக் கோழி ஒண்டு, 20 மணித்தியாலம். முழுக் கோழியின்ர தொடையில எலும்பில படாமல் குத்திப் பார்த்தால் 82 பாகை செல்சியஸ் காட்டவேணும்.

---

கரிக்கட்டை | 23 டிசம்பர், பிற்பகல் 2:05

நேரம்: 25ஆம் திகதி காலை 7 மணி, ரொறன்ரோ. லண்டனில் மதியம் 12, பாரிசில் 1, யாழ்ப்பாணத்தில் பின்னேரம் 5:30, சிட்னியில் இரவு 11. எல்லாரும் முழிச்சிருக்கிற நேரம் இது ஒண்டுதான். உங்கட பின்னேரத்துக்கு வைச்சால் ஊரில விடியப்புறம். சிட்னிக்காரரை முதல் கதைக்க விடுங்கோ, அவைக்கு நித்திரை. புதுவருடம் ஊரில பிறக்கிறது உங்களுக்கு 31 மதியம் 1:30க்கு, லண்டனில் பிறக்கிறது இரவு 7க்கு. பத்து வயதுப் பிள்ளையை நடுச்சாமம் மட்டும் முழிக்க வைக்கத் தேவையில்லை, லண்டனோட கொண்டாடிட்டுப் படுக்கட்டும்.

இலவச சூமில் 40 நிமிட எல்லையை இந்த 2020 நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் எடுத்துவிடுறதா அறிவிச்சிருக்கினம். வட்ஸ்அப் வீடியோவில் இப்ப, 2020இல, 8 பேர்தான். ஊர்ப்பக்கம் விக்கினால் அவை தங்கட வீடியோவை நிற்பாட்டிக் குரலை மட்டும் விடட்டும், மற்றவையைப் பார்க்கலாம்.

மாமிக்கு ஒரு நாள் முந்தி ஒத்திகை. டப்லெற்றைக் கையில குடுக்காமல் கண் உயரத்துக்கு மேசையில நிறுத்துங்கோ, ஜன்னல் முன்னுக்கு இருக்கவேணும், முதுகுக்குப் பின்னால இல்லை. 7 மணிக்கு வெளிய இருட்டு, சூரியன் வர 7:50 ஆகும், ஆகவே முகத்துக்கு ஒரு விளக்கு. இருபது பேர் ஒரே நேரம் கதைச்சால் வயது போன காதுக்கு ஒண்டும் விளங்காது. ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட, மற்றவை மௌனம்.

---

மஞ்சள்வெயில் | 13 ஜனவரி 2021, மாலை 6:20

எல்லாருக்கும் நன்றி. மகள் 8ஆம் திகதி அங்க போயிட்டா. இப்ப புதுசா ஒண்டு: நாளைக்குப் பொங்கல், நாளைக்கே 'வீட்டில் இருங்கள்' கட்டளையும் தொடங்குது. மாமிக்குப் பால் பொங்கி வழியிறதைப் பார்க்கவேணும். அங்க சுருள் மின்னடுப்பு, மகள் முதல் தரம் பொங்கப்போறா. பல்கனியில் சின்னக் காஸ் அடுப்பு வைக்கலாமா? எங்கட வீட்டில கண்ணாடி அடுப்பு.

---

காற்றாடி | 13 ஜனவரி, இரவு 7:45

பல்கனி வேண்டாம். கட்டட விதி ஒருபுறம். அந்தச் சின்ன அடுப்பின் உருளையில் இருப்பது பியூட்டேன். பூச்சியப் பாகையை அண்டினால் அது ஆவியாகாது, நெருப்பு சுருங்கி அணைந்துவிடும். அணைந்தால் உள்ளே கொண்டுபோய் மூட்டத் தோன்றும், அது இன்னும் மோசம். உங்கள் பின்வளவில் பார்பிக்யூவின் பக்க அடுப்பு இருந்தால் அது புரொப்பேன், மறை 42 வரை ஆவியாகும். அதில் தாராளமாகப் பொங்கலாம்.

---

பூசணித்தோசி | 13 ஜனவரி, இரவு 8:30

மகளுக்கு: மண் சட்டி வேண்டாம், சுருளில வெடிக்கும். ஒரு லீற்றர் கொள்ளுற, வாய் ஒடுங்கின சில்வர்ச் சட்டி. பால் 300 மில்லி, தண்ணி 400 மில்லி. சட்டி நிறைய இருந்தால்தான் நுரை விளிம்புக்கு வரும். முதல்ல பாலை மட்டும் பொங்க விடட்டும், சர்க்கரை பிறகு. நுரை முக்காலுக்கு வந்ததும் அடுப்பை நிற்பாட்டட்டும். சுருள் உடன ஆறாது, அந்தச் சூட்டிலேயே பொங்கி வழியும். வழிஞ்சதும் சட்டியைப் பக்கத்துச் சுருளுக்கு நகர்த்தினால் சரி. பிறகு கழுவின அரை கப் பச்சையரிசி, வறுத்த பயறு இரண்டு மேசைக்கரண்டி, மூடாமல் சிறுநெருப்பு. அரிசி குழைஞ்ச பிறகுதான் முக்கால் கப் சர்க்கரை. முந்திப் போட்டால் அரிசி வேகாமல் நிண்டுடும்.

உங்கட கண்ணாடி அடுப்பிலயும் இதே ஒழுங்குதான். சர்க்கரை போட்டபிறகு வழிய விட்டால் கண்ணாடியில ஒட்டிப் பிடிச்சுக் குழி விழும். வழிஞ்சால் சூடு ஆறமுந்தியே சுரண்டியால எடுக்கோணும்.

புகை அலாரத்தின்ர பற்றியைக் கழட்டவேண்டாம். அடுப்புக்கு மேல ஃபானைப் போட்டு, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கோ. சூரியன் நேர் கிழக்கில எழும்பாது, இந்த மாதம் தென்கிழக்காலதான் வரும். 7:50 அளவில மாமியின்ர கதிரையை அந்த ஜன்னல் பக்கம் திருப்பி வையுங்கோ.